இதயப்புழு நம் பகுதி நாய்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது? இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

கருப்பன்வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கருப்பனுக்கு ஏறக்குறைய 4 வயது. கருத்தடை அறுவைக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதயப்புழு ஆன்டிஜென் கிட்டில் இரண்டாவது கோடு விழுந்துவிட்டது, அதாவது புழு இருக்கிறது என்று காட்டுகிறது. அவனுக்கு இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, சாப்பாட்டுத் தட்டை நக்கிப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் நகருவான். பார்த்த மருத்துவர், "இந்தப் பக்கத்தில் இது ரொம்ப அபூர்வம், எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது" என்றார். மனம் கேட்காமல் இன்னொரு மருத்துவரிடம் காட்டினேன். அவரோ, "அபூர்வமா? நான் அடிக்கடி பார்க்கிறேனே" என்கிறார்.

இரண்டு இடத்துக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. யார் சொல்வதை நம்புவது? வீட்டில் 5 மாதக் குட்டி ஒன்றும் இருக்கிறது. இரண்டு இரவாகச் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றுநாய்க்காரன் எழுதியது:

முதலில் தைரியமாக இருங்கள். 12 வருடமாக நாய் வளர்க்கிறேன். என் நாய்களுக்கும் வந்ததில்லை, நண்பர்களின் நாய்களுக்கும் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அபூர்வம் என்று சொன்னவர்தான் சரி என்று எனக்குப் படுகிறது. கிட் தவறாகக் காட்டியிருக்கலாம்.

கால்நடைவாசல் எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். மூன்றுநாய்க்காரன் நண்பரே, தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு கேள்வி. உங்கள் நாய்களுக்கு இந்தச் சோதனை செய்து பார்த்ததுண்டா? இந்த நோயில் பார்க்காதவருக்கு எதுவும் தெரியாது.

கொசு கடித்த இடத்தின் வழியாக இளம்புழு உள்ளே போகிறது. இரண்டு மாதத்துக்கும் மேல் தோலடியிலும் தசையிலும் வளர்ந்துகொண்டே நகர்ந்து, பிறகுதான் நுரையீரல் தமனிகளுக்கு வந்து சேர்கிறது. முழுதாக வளர்ந்து குட்டி போட 6 முதல் 7 மாதம். பெண்புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் வரும், நூடுல்ஸ் இழை போல இருக்கும். நாயின் உடலில் 5 முதல் 7 வருடம் உயிரோடு இருக்கும். இதில் முதல் சில வருடங்கள் பல நாய்கள் துளி அறிகுறியும் காட்டுவதில்லை. கருப்பன் தட்டை நக்குவதும் புழு இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணே இல்லை.

மூச்சு வாங்கி, வயிறு ஊதி, அப்புறம் இறந்துபோகும் நாயைப் பார்த்து "வயசாச்சு, இதயம் பலவீனம்" என்று வீட்டார் முடித்துக்கொள்வதுண்டு. உள்ளே என்ன இருந்தது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த நாய் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

மூன்றுநாய்க்காரன் எழுதியது:

உண்மைதான் டாக்டர். ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

எண்ணிப்பார் எழுதியது:

புள்ளியியல்தான் என் வேலை, நாய்தான் என் உயிர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருப்பன்வீடு அக்கா, அந்த இரண்டு மருத்துவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். முதலாமவரிடம் வருபவை பெரும்பாலும் மாதாமாதம் தடுப்பு மருந்து சாப்பிட்டு வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவரிடம் காவல் நாய்களும், மீட்டுக் கொண்டுவரப்பட்ட தெருநாய்களும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஊர், ஒரே கொசு, ஆனால் இரண்டு வேறு நாய்க்கூட்டம். "இந்தப் பகுதியில் எத்தனை சதவீதம்" என்று ஒரே எண்ணைக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. எந்த நாய்களில், எந்தச் சோதனையில், எந்த வயதில் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

வயதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தடுப்பு மருந்தே இல்லாத ஒரு கூட்டத்தில் ஆண்டுக்கு 100 நாயில் 5 நாய்க்குப் புதிதாகத் தொற்றுகிறது என்று ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்ளுங்கள். புழு தானாகப் போகாது, 5 வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கும். அப்படியென்றால் ஒரு வருடம் அங்கே வாழ்ந்த நாய்களைச் சோதித்தால் 5 சதவீதம் கிடைக்கும். 5 வருடம் வாழ்ந்தவற்றைச் சோதித்தால் ஏறக்குறைய 23 சதவீதம் கிடைக்கும். தொற்றும் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். ஒருவர் குட்டிகளாகப் பார்த்துச் சோதித்து "குறைவு" என்பார், இன்னொருவர் கிழட்டு நாய்களைச் சோதித்து "பயங்கரம்" என்பார்.

அமெரிக்காவில் இதயப்புழு சங்கம் 2001 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வரைபடம் வெளியிடுகிறது. மிசிசிப்பி, லூசியானா பக்கமெல்லாம் அடர் நிறத்தில் இருக்கும். அது காட்டுவது நாய்களின் சதவீதத்தை அல்ல. ஒவ்வொரு மருத்துவமனையும் சராசரியாக எத்தனை தொற்றுள்ள நாய்களைப் பார்த்தது என்பதைத்தான் காட்டுகிறது. நல்ல வரைபடம், ஆனால் அதைப் பார்த்து "இங்கே இத்தனை சதவீதம்" என்று படித்தால் தப்பாகிவிடும்.

தெருநாய்த்தோழி எழுதியது:

நாங்கள் ஒரு சின்னக் காப்பகம் நடத்துகிறோம். ஒரு நன்கொடையாளர் கிட் வாங்கிக் கொடுத்ததால் ஒரே மாதத்தில் 30 நாய்களைச் சோதித்தோம். ஒன்றுக்குக்கூட இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அன்றிலிருந்து "நம் பகுதியில் இதயப்புழு கிடையாது" என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. 30 போதாதா?

எண்ணிப்பார் எழுதியது:

தோழி, நீங்கள் 30 நாய்களைச் சோதித்ததே பெரிய காரியம். முடிவைத்தான் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். ஒன்றுகூட வராதபோது ஒரு எளிய வழி உண்டு. 3 என்ற எண்ணைச் சோதித்த நாய்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 30 நாய் என்றால் 30-இல் 3, அதாவது 10 சதவீதம். "உண்மையான பரவல் பூஜ்யமாகவும் இருக்கலாம், 10 சதவீதம் வரையும் இருக்கலாம்" என்பதைத்தான் உங்கள் சோதனை 95 சதவீத உறுதியோடு சொல்கிறது. பத்தில் ஒரு நாய்க்கு நோய் உள்ள இடத்திலும் 30 நாயை எடுத்தால் அதிர்ஷ்டவசமாக ஒன்றும் சிக்காமல் போக வாய்ப்பு உண்டு, 4 சதவீதம் அளவுக்கு. 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல வேண்டுமானால் 300 நாய்களைச் சோதித்து ஒன்றுகூட வராமல் இருக்க வேண்டும்.

இதுவும் அந்த 30-ம் இந்தப் பகுதி நாய்களிலிருந்து சமவாய்ப்பில் எடுத்தவையாக இருந்தால்தான். அவற்றில் எத்தனை குட்டிகள்?

தெருநாய்த்தோழி எழுதியது:

பாதிக்கு மேல் குட்டிகள். 3 மாதம், 4 மாதம்.

கால்நடைவாசல் எழுதியது:

அப்படியானால் அவற்றை எண்ணிக்கையிலேயே சேர்க்க முடியாது. இந்தக் கிட் தேடுவது வளர்ந்த பெண்புழுவிலிருந்து வெளியாகும் ஒரு பொருளை. தொற்றிய 5 மாதத்துக்கு முன் அது ரத்தத்தில் தெரியவே தெரியாது, பெரும்பாலும் 7 மாதம் ஆகும். பிறந்த அன்றே கொசு கடித்திருந்தாலும் 4 மாதக் குட்டியில் "இல்லை" என்றுதான் காட்டும். 7 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இந்தக் கிட்டில் சோதிப்பது காசுக்கும் ரத்தத்துக்கும் நட்டம். வளர்ந்த நாய்களிலும் ஆண்புழு மட்டும் இருந்தாலோ, ஒன்றிரண்டு புழு மட்டும் இருந்தாலோ தவறிவிடலாம். நாயின் எதிர்ப்புரதங்கள் அந்தப் பொருளைப் பிடித்து மறைத்துவிடுவதும் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் ரத்த மாதிரியைச் சூடாக்கிப் பிணைப்பை உடைத்துவிட்டு மறுபடி சோதிப்பார்கள்.

தோழி, வருத்தப்படாதீர்கள். பெரிய நாய்களை மட்டும் தனியாக எண்ணி மறுபடி எழுதுங்கள், அந்தத் தகவல் நிச்சயம் உதவும்.

கண்ணாடிச்சில்லு எழுதியது:

ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிட் இல்லாத இடங்களில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து, நெளியும் நுண்புழு (ரத்தத்தில் திரியும் புழுக்குட்டி) தெரிந்தால் "இதயப்புழு" என்று எழுதிவிடுகிறார்கள். நுண்புழு எல்லாம் இதயப்புழுவின் குட்டி அல்ல. டைரோஃபிலேரியா இம்மிட்டிஸ்தான் இதயப்புழு. அதன் உறவுக்காரன் டைரோஃபிலேரியா ரிப்பென்ஸ் தோலடியில் வாழ்கிறது, இதயத்துக்குப் போவதில்லை, அதையும் கொசுதான் பரப்புகிறது. உண்ணிப்பூச்சிகள் மூலம் பரவும் அகாந்தோகைலோனிமா என்று ஒன்றும் உண்டு, அது நாய்க்குப் பெரிய தொல்லை தராது. மூன்றின் குட்டிகளும் நுண்ணோக்கியில் பார்த்தால் பங்காளிகள் மாதிரி இருக்கும். அளந்து பார்க்க வேண்டும், அல்லது சாயமேற்றியோ பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்தோ பிரிக்க வேண்டும்.

ரிப்பென்ஸ் நிறைய உள்ள ஒரு பகுதியில் வெறும் கண்ணாடித்தகடு முறையை வைத்துக் கணக்கெடுத்தால் இதயப்புழு இல்லாத இடத்திலும் மலைபோல் எண் வந்து நிற்கும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். இதயப்புழு இருந்தும் ரத்தத்தில் நுண்புழு இல்லாத நாய்கள் உண்டு. ஒரு சொட்டில் சிக்காமல் போவதும் உண்டு. நாட் முறை செய்தால் நல்லது. ஒரு மில்லி ரத்தத்தை 9 மில்லி 2 சதவீத ஃபார்மலினில் கலந்து, சுழற்றி, அடியில் தங்கியதை மெத்திலின் நீலத்தில் பார்ப்பது. மாலையில் ரத்தம் எடுத்தால் நுண்புழு கூடுதலாகக் கிடைக்கும். அது கொசு கடிக்கிற நேரத்துக்கு ஏற்ப மேலே வருகிறது.

திருத்தம்: மேலே உண்ணிப்பூச்சி என்று எழுதிவிட்டேன். அகாந்தோகைலோனிமாவில் நாம் அடிக்கடி பார்க்கிற இனத்தைப் பரப்புவது முக்கியமாகத் தெள்ளுப்பூச்சி.

கருப்பன்வீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் கருப்பனின் கிட் தவறாகவும் இருக்கலாமா? நம்பிக்கை வைக்கலாமா?

எண்ணிப்பார் எழுதியது:

அது பரவலைப் பொறுத்தது, அக்கா. நீங்கள் முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. நோயுள்ள 100 நாயில் 95-ஐப் பிடிக்கிற, நோயில்லாத 100-இல் 99-ஐச் சரியாக விட்டுவிடுகிற ஒரு கிட் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 1000 நாய்களைச் சோதிக்கிறோம்.

பரவல் 1 சதவீதம் என்றால் நோயுள்ளவை 10. அவற்றில் 9 அல்லது 10 பிடிபடும். நோயில்லாத 990-இல் 10 தவறாகக் கோடு காட்டும். ஆக, கோடு விழுந்த நாய்களில் பாதிக்கு நோயே இல்லை. பரவல் 20 சதவீதம் என்றால் 200-இல் 190 பிடிபடும், 800-இல் 8 மட்டும் தவறு. கோடு விழுந்த 198-இல் 190 உண்மை. கிட் ஒன்றேதான், ஆனால் கோட்டின் எடை மாறிவிடுகிறது.

அதனால் "இங்கே அபூர்வம்" என்று மருத்துவர் நினைத்தால், அவர் செய்ய வேண்டியது வேறு நிறுவனத்தின் கிட்டில் இன்னொரு முறை பார்ப்பதும், நுண்புழு தேடுவதும்தான்.

கால்நடைவாசல் எழுதியது:

வழிகாட்டி நெறிகளும் இதையே சொல்கின்றன. அறிகுறி இல்லாத நாயில் ஒரே கோட்டை நம்பி மருத்துவம் தொடங்குவதில்லை. உறுதியானால் சிகிச்சை நீளமானது. ஒரு மாதம் டாக்ஸிசைக்ளின், புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரைக் குறைக்க. அதன்பின் ஒரு மாத இடைவெளி. பிறகு வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஊசி, ஒன்று முதலில், ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இரண்டு. சாகும் புழுவின் துண்டுகள் நுரையீரலில் போய் அடைக்கும், அதனால் அந்த மாதங்களில் ஓட்டம், குதியல் எதுவும் கூடாது. நாயைச் சும்மா உட்கார வைப்பதுதான் வீட்டாருக்குப் பெரிய சோதனை.

நீர்நிலை எழுதியது:

கொசு பக்கமிருந்து ஒரு வார்த்தை. நாயிடமிருந்து நாய்க்கு இது நேராகப் பரவாது. நாயின் ரத்தத்தோடு நுண்புழுவைக் குடித்த கொசுவுக்குள் அது வளர்ந்து தொற்றும் நிலைக்கு வர வேண்டும். 27 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 14 நாள் ஆகும். 18 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதம், அதற்குள் பல கொசுக்கள் செத்துப்போகும். 14 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியே நின்றுவிடும். அதனால்தான் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி போன்ற தாழ்ந்த, ஈரமான, வெப்பமான இடங்கள் பழங்காலத்திலிருந்தே இதற்குப் பேர்போனவை, பக்கத்திலேயே உயரமான குளிர்ந்த இடத்தில் குறைவாக இருக்கும்.

ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே எண் என்பதை நான் நம்பாததற்கு இதுவும் காரணம். ஆற்றோரத் தெருவும் மேட்டுத் தெருவும் ஒன்றல்ல. கைவிடப்பட்ட டயரில் தேங்கிய நீர், கட்டடங்கள் சூட்டைத் தேக்கி வைக்கும் நகர மையம், நரியும் ஓநாயும் நடமாடும் ஓரம் என்று ஒவ்வொன்றும் அந்தச் சின்ன வட்டத்தின் கணக்கை மாற்றும். நரி, ஓநாய்களிலும் இந்தப் புழு வாழும்.

மூன்றுநாய்க்காரன் எழுதியது:

ஒரு சந்தேகம். பரவல் குறைவு என்று தெரிந்த இடத்தில் மாதாமாதம் மருந்து கொடுப்பது தேவையா? மருந்தை எதிர்க்கும் புழு வந்துவிட்டது என்கிறார்களே?

கால்நடைவாசல் எழுதியது:

எதிர்ப்பு உண்மைதான். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் அப்படிப்பட்ட புழுக்களை உறுதிசெய்திருக்கிறார்கள். ஆனாலும் தடுப்பு தவறிய நாய்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது மறந்துபோன மாத்திரை, துப்பிய மாத்திரை, இடையில் விட்ட மாதங்கள். ஐவர்மெக்டின், மில்பிமைசின், மோக்ஸிடெக்டின், செலமெக்டின் எல்லாமே கடந்த ஒரு மாதத்தில் உள்ளே வந்த இளம்புழுவைக் கொல்பவை. வளர்ந்தவற்றுக்குப் போதாது. அதனால் ஒரு மாதம் விட்டால் அந்த இடைவெளியில் வந்தவை தப்பித்து வளர்ந்துவிடும்.

"இங்கே குறைவு" என்று நிறுத்துகிறவர்களிடம் நான் கேட்பது, "குறைவு என்று எந்த நாய்களைப் பார்த்துச் சொன்னார்கள்?" என்பதுதான். மருந்து சாப்பிடும் நாய்களைச் சோதித்துக் குறைவு என்று கண்டு, அதைக் காட்டி மருந்தை நிறுத்தினால் எப்படி?

7 மாதத்துக்கு மேற்பட்ட நாய் என்றால் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். நுண்புழு நிறைய இருக்கும்போது திடீரென்று கொன்றால் சில நாய்கள் தாங்காது.

எண்ணிப்பார் எழுதியது:

கருப்பன்வீடு அக்கா, முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். கருப்பன் உங்களிடம் எவ்வளவு நாளாக இருக்கிறான்?

கருப்பன்வீடு எழுதியது:

4 மாதம். ஒரு மீட்புக் குழு வெகு தொலைவிலிருந்து, வெள்ளத்தில் மாட்டிய நாய்களோடு கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வாழ்க்கை யாருக்கும் தெரியாது.

எண்ணிப்பார் எழுதியது:

அப்படியென்றால், கோடு உண்மை என்று வந்தால், இந்தத் தொற்று இங்கே வந்ததல்ல. கிட்டில் தெரிய 5 மாதமாவது வேண்டும், அவன் இங்கே வந்து 4 மாதம்தான். அவன் பெயரை நம் பகுதியின் பரவலில் எழுதினால் அது தவறு.

அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் இதுதான் நடந்தது. மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து ஏராளமான நாய்களை மீட்டு நாடெங்கும் கொண்டுபோனார்கள், அவற்றில் பலவற்றுக்கு இதயப்புழு இருந்தது. இதயப்புழுவையே பார்க்காத இடங்களிலும் மருத்துவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். நோய் கண்டறியப்பட்ட இடம் ஒன்று, தொற்றிய இடம் இன்னொன்று. கணக்கில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும்.

நீர்நிலை எழுதியது:

ஆமாம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. நாளை நம் பகுதிக் கணக்கு எப்படி இருக்கும் என்பதில் கருப்பனுக்குப் பங்கு உண்டு. அவன் ரத்தத்தில் நுண்புழு இருந்தால், இந்த 4 மாதமாக அவனைக் கடித்த கொசுக்கள் அதைக் குடித்திருக்கும். உங்கள் குட்டி அதே வாசலில்தானே படுக்கிறது?

கருப்பன்வீடு எழுதியது:

ஒரே சாக்கில் கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன. கண்ணீர் வருகிறது. இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுகிறேன்.

தெருநாய்த்தோழி எழுதியது:

அக்கா, நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. வெள்ளத்திலிருந்து ஒரு உயிரை வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். அனுப்புவதற்கு முன் நாங்கள்தான் சோதித்திருக்க வேண்டும், எங்களைப் போன்ற காப்பகங்கள்தான். இனி எங்களிடமிருந்து வெளியூர் போகும் ஒவ்வொரு பெரிய நாயையும் சோதித்துத்தான் அனுப்புவோம்.

கருப்பன்வீடு எழுதியது (9 நாள் கழித்து):

வேறு கிட்டிலும் கோடு விழுந்தது. நாட் முறையில் நுண்புழு இருந்தது, அளந்து பார்த்து இதயப்புழுதான் என்றார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் தமனி லேசாகப் பெருத்திருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தாயிற்று. அதோடு மருத்துவர் கண்காணிப்பிலேயே தடுப்பு மருந்தும் கொடுத்தார்கள், கொசுவை விரட்டும் துளி மருந்தும் போட்டிருக்கிறார்கள். கருப்பனைக் கூண்டில் உட்கார வைத்திருக்கிறேன், என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியவில்லை.

குட்டிக்கு அன்றைக்கே தடுப்பு மருந்து தொடங்கினார்கள். இப்போது சோதித்துப் பயனில்லை, 6 மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள்.

எண்ணிப்பார் எழுதியது:

நல்ல நேரத்தில் பிடித்துவிட்டீர்கள். இந்த இழையில் எழுதுகிறவர்களுக்காக ஒரு பொதுப் பட்டியல் தொடங்கியிருக்கிறேன். நாயின் வயது, தடுப்பு மருந்து உண்டா, எந்தச் சோதனை, முடிவு, இங்கே எத்தனை மாதமாக வாழ்கிறது. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். சோதனையில் இல்லை என்று வந்த நாய்களையும் கட்டாயம் எழுதுங்கள், அவை இல்லாமல் வகுக்க எண்ணே கிடையாது.

தெருநாய்த்தோழி எழுதியது:

எங்கள் பட்டியலைப் பிரித்துவிட்டேன். 30-இல் 7 மாதத்துக்கு மேற்பட்டவை 11 மட்டுமே. 11-இலும் இல்லை என்றுதான் வந்தது. சேர்த்துவிட்டேன்.

மூன்றுநாய்க்காரன் எழுதியது:

என் மூன்றையும் சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். முடிவு எதுவானாலும் எழுதுகிறேன்.